வைண்டிங் முடிச்சு

மூடிய மில்லின் குடோன் மூலையில், சைக்கிளில் போன மகள் தாரகையின் நீலச்சட்டை முதுகு மறைந்த பிறகுதான், காலையில் தன் விரல்கள் என்ன வேலை செய்துவைத்திருக்கின்றன என்பது மயிலாத்தாளுக்கு உறைத்தது. வெல்க்ரோ இல்லையே இன்றைக்கு, டேப் அல்லவா, டேப்பை என்ன முடிச்சுப் போட்டேன், சுருக்கா, பூ முடிச்சா, இல்லை, நாடாவின் இரண்டு முனையையும் எடுத்தபோது கட்டைவிரல் தானாக மடங்கியதே, ஒரு முனை அதன்மேல் ஏறி, இன்னொன்று அடியில் நுழைந்து, நடுவிரல் இழுத்து, பட்டென்று ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்குதான் இப்போது காதில் கேட்கிறது. அப்போது கேட்கவில்லை. வைண்டிங் முடிச்சு. பதினேழு வருஷம் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங் மெஷின் முன்னால் நின்றவளின் விரலுக்கு வேறு முடிச்சு தெரியாது. நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் சேர்த்து ஷிப்டுக்கு ஆயிரம் தடவைக்குமேல் போட்டிருக்கிறாள், கண்ணால் பார்க்காமல், பக்கத்து மெஷின்காரியோடு பேசிக்கொண்டே, சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டே. அதன் குணமே இழுக்க இழுக்க இறுகுவதுதான். அவிழ்ப்பதற்கென்று போடுகிற முடிச்சே அல்ல அது. நூல் துணியாகி, துணி சட்டையாகி, அதை எவனோ உடுத்திக் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகும் அந்த முடிச்சு மட்டும் அவிழாமல் கிடக்கும். அதைக் கொண்டுபோய் எட்டு வயசுப் பிள்ளையின் இடது காலைச் சைக்கிள் பெடலோடு சேர்த்துப் போட்டிருக்கிறாள். கட்டாமல் அந்தக் கால் பெடலில் நிற்காது, அது உண்மை. பிறந்ததிலிருந்தே தாரகைக்கு இடப்பக்கம் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கை மார்போடு மடங்கிக்கொள்ளும், கால் நுனிவிரலில் நின்று துவளும். அந்தக் காலில் போட்ட பூட்சைப் பெடலோடு கட்டிவிட்டால் வலது கால் மிதிக்கிற மிதியில் இடதும் கூடவே சுற்றிவரும். அதற்காகத்தான் எக்ஸர்சைஸ் டாக்டரம்மா ஒரு வெல்க்ரோ பட்டை கொடுத்தாள். விழுந்தா தன்னால பிரியணும், மறந்துடாதீங்கம்மா, அதுதான் முக்கியம் என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாள். பட்டை நேற்றோடு தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது, இன்று காலை எவ்வளவு அழுத்தியும் ஒட்டவில்லை. பரணில் டேப் இருந்தது. மில் மூடின நாளில் ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வந்தார்கள், இவள் எடுத்தது ஒரு சுருள் டேப், மெஷினில் நூற்கும் கதிரைச் சுற்றவைக்கிற வெள்ளை நாடா, யானையைக் கட்டினாலும் அறாது. அறாத நாடா, அவிழாத முடிச்சு. விழுந்தா தன்னால பிரியணும். விழுந்தா. விழுந்தால் கால் பெடலில் இருக்கும், சைக்கிள் காலின்மேல் இருக்கும், பிள்ளை எங்கே இருக்கும்?

எண்ணு, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. குடோனை ஒரு சுற்றுச் சுற்றி மறு மூலையில் வருவதற்கு நடக்கிற ஆளுக்கு நாலு நிமிஷம் ஆகும், சைக்கிளுக்கு அதில் பாதி, இவள் மிதிக்கிற மிதிக்கு இருநூறு எண்ணினால் வந்துவிடுவாள். நாலு, ஐந்து. மூலையில் திரும்பச் சொல்லவில்லையே, லாரி எடைமேடையிலிருந்து மூலைவரைக்கும் நேராகப் போய் நிற்பது, நின்றதும் அம்மா வந்து சைக்கிளைத் தூக்கித் திருப்பிவைப்பது, அப்படித்தானே ஒரு மாசமாய் நடக்கிறது. பின்னாலேயே சீட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடுவாள் மயிலாத்தாள், மூலையில் இரண்டு பேரும் நிற்பார்கள். சட்டென்று ஒடித்துத் திருப்ப அந்த ஒற்றைக் கைக்கு ஆகாது. ஆகாதென்று தெரிந்த பிள்ளை, ஒடிக்காமல் அகலமாக வளைந்து குடோனுக்குப் பின்பக்கம் போயிருக்கிறது, வேறு என்ன செய்யும், பின்னால் அம்மா பிடித்திருக்கிறாள் என்றல்லவா நினைத்தது. புடிச்சிருக்கியாம்மா என்று திரும்பாமல் கேட்டாளே. புடிச்சிருக்கேன் கண்ணு என்று சொன்னேனே. சொன்னபோது கை வெறுங்கை. கையை விட்டேனா, கை விட்டுப்போனதா? முட்டி ஒரு தரம் மடங்கியது, வழக்கமாக மடங்குகிற முட்டிதான், அந்த ஒரு கணத்தில் சீட்டு விரல் நுனியிலிருந்து கழன்று போயிற்று. அது கை விட்டுப்போனது. ஆனால் அடுத்த கணம் எட்டிப் பிடித்திருக்கலாம், இரண்டடிதான் தூரம். பிடிக்கவில்லை. தனியாகப் போகிறாள், போகட்டும், என்று ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் குதித்தது. அது கையை விட்டது. எது முதலில்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சங்கத் தலைவர் சொன்னாரே, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது தோழர்களே, உறுதியாக நிற்கிறோம் என்று, முதல் நாள் சாயங்காலமே முதலாளியிடம் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வெறுங்கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாரே. அந்த ஆளைத் துரோகி என்று நோட்டீஸ் எழுதியவள் இவள்தான். அதே குரலில்தான் இன்றைக்குச் சொல்லியிருக்கிறாள், புடிச்சிருக்கேன் கண்ணு. எத்தனை எண்ணினேன், பத்தா, பன்னிரண்டா? ஒன்று, இரண்டு.

பின்னால் தொட்டி இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்தாள். பஞ்சு குடோனுக்குத் தீப்பிடித்தால் அணைக்க என்று ஆள் உயரத்துக்கு வெட்டிய தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குத் திட்டு, ஒரு பக்கத்துத் திட்டை மில் மூடிய பிறகு எவனோ செங்கலுக்காகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். ஐப்பசி மழை வேறு. எவ்வளவு தண்ணீர் நிற்கும், பாதி நிற்குமா, பாதியே போதுமே, பெடலோடு கட்டிய கால், சைக்கிளின் கனம், பாதியே போதும். ஓடு, ஓடேன். ஓடினால் எந்தப் பக்கம்? போன மூலை வழியே பின்னால் போகலாம், பத்தடி நொண்டுவதற்குள் பிள்ளை இந்த மூலையில் வெளிப்பட்டுவிட்டால்? இங்கிருந்து கேட் வரைக்கும் சிமெண்டுத் தளம் சரிவு, லாரி இறங்குவதற்காகப் போட்ட சரிவு, கேட்டில் ஒரு கதவு திறந்தே கிடக்கிறது, அதைத் தாண்டினால் பைபாஸ், ஞாயிற்றுக்கிழமையானாலும் நிற்காத லாரிகள். பிரேக் பிடிக்கத் தெரியும் அவளுக்கு. பிரேக் பிடித்து, வலது பக்கம் சாய்ந்து, வலது காலை ஊன்ற வேண்டும், சாஞ்சா சோத்தாங்கைப் பக்கம் சாயி, சோத்தாங்கைப் பக்கம் சாயி என்று நூறு தரம் சொல்லியாயிற்று. ஆனால் பயந்த பிள்ளை எந்தப் பக்கம் சாயும்? செத்த பக்கம்தான் இழுக்கும். அதனால் பிடிக்க ஆள் இங்கே நிற்கவேண்டும். பின்னால் ஆள் அங்கேயும் வேண்டும். ஒருத்தி எப்படி இரண்டு இடத்தில் நிற்பாள்? எடைமேடைக்கு இந்தப்பக்கம் இரண்டடி வைத்தாள், அந்தப்பக்கம் இரண்டடி வைத்தாள். அவ்வளவுதான் அவளால் ஆனது. முப்பது, முப்பத்தொன்று. முப்பதிலிருந்துதான் தொடங்கினேனா?

இந்த முட்டி மட்டும் சரியாக இருந்திருந்தால். அதை நினைத்தால் கூடவே மற்றதும் வரும், இழுத்தால் மொத்த நூல்கண்டும் சிக்கலாய்க் கையோடு வரும். கேட் மறியல் அன்றைக்கு வயிற்றில் ஆறு மாசம். மாமியார் படி தாண்டாதே என்றாள், புருஷன் ஒன்றும் சொல்லவில்லை, விசைத்தறிக்குப் போகிற மனுஷன், சொல்லி நடக்காததை அவன் சொல்வதில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் இதே கேட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு பெண்கள். போலீஸ்காரர்கள் கர்ப்பிணி மேல் கை வைக்க மாட்டார்கள் என்று அவளை முன்னால் உட்காரவைத்தது யார்? அவளேதான். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றிய யோசனை, அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வயிற்றில் அடிக்கவில்லை அவர்கள். முட்டியில்தான் அடித்தார்கள். விழுந்தபோதுதான் வயிறு அடியாக விழுந்தாள், கேட்டின் கீழ்க்கம்பிமேல். எட்டாம் மாசமே பிள்ளை வந்துவிட்டது, வந்து வெகுநேரம் அழவில்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா, மூச்சுத் திணறினதுதான் காரணம் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். சம்பந்தமில்லை. அந்தச் சீட்டு இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது, எத்தனையோ நோட்டீசைப் படித்துப் பழகியவளுக்கு ஒரு வரி மெய்யா பொய்யா என்று தெரியாதா? எத்தனை தரம் படித்தாலும் அந்த ஒரு வரி மட்டும் தெரியமாட்டேன் என்கிறது. சம்பந்தமில்லை என்றால் ஏன் அதைச் சொல்லவேண்டும்? கேட்டது யார்? நான் கேட்கவில்லையே. பிள்ளை தன் பாட்டுக்கு வயிற்றில் இருந்தது, அதைக் கொண்டுபோய்த் தடிக்கு முன்னால் வைத்தேன். பிள்ளை தன் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது, அதைக் கொண்டுவந்து அவிழாத முடிச்சுப் போட்டு அனுப்பிவிட்டேன். இல்லை, படம் வரையவில்லை, சைக்கிள் கேட்டாள். சைக்கிள் அவள் கேட்டது. அதையாவது சரியாக நினை.

அவள் கேட்டதுதான். மூன்று சக்கர வண்டி தருகிறோம் என்று ஒரு முகாமில் பேர் எழுதினார்கள், காலை ஏழு மணியிலிருந்து பந்தலில் உட்காரவைத்து, போட்டோவுக்கு ஆள் வந்த பிறகு மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நொண்டி என்று சொல்லாமல் மாற்றுத்திறனாளி என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள், கற்றுக்கொண்டு அந்தப் பேரைப் பெரிய போர்டில் எழுதிப் படிக்கட்டு ஏறிப் போகிற இடத்தில் மாட்டினார்கள். தாரகை அந்த வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது உக்காந்து போறது. எனக்கு ஓட்டறது வேணும்" என்றாள். மயிலாத்தாளுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு ஒரு வாரம் நிற்கவில்லை. என்ற புள்ளை, என்ற புள்ளை என்று மார் தட்டிக்கொண்டாள். புருஷன் பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு சின்னச் சைக்கிளைக் கொண்டுவந்து சிவப்புப் பெயிண்ட் அடித்தான், பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் வைத்தான். போன வாரம் அவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டாள், குட்டிச்சக்கரம் வெச்சா அதுவும் மூணு சக்கர வண்டி மாதிரிதானே என்றாள். வாய்தான். பள்ளிக்கூடத்திலும் புகார், பெஞ்சுக்கு அடியில் பூட்சைக் கழற்றிப் போட்டுவிடுகிறாளாம், டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினாள். ஆயிரம் தரம் அலைந்து வாங்கின பூட்சு, எலும்பு கோணாமல் இருக்க என்று சொல்லிப் போட்டுவிட்டால் ஒற்றைக் கையால் பட்டியைப் பிரித்து உதறிவிடுகிறதே என்று அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கை. இன்று காலைகூட, நானே பூட்சு போட்டுக்கறேன் என்றவளின் கையைத் தட்டிவிட்டாள், அவள் போட்டால் கால் மணி நேரம் ஆகும், வெயில் ஏறிவிடும். அவசரம், எல்லாவற்றிலும் அவசரம். எழுபது. எழுபதா? சத்தம் ஏதாவது கேட்கிறதா? லாரி. காக்கா. தகரம் சூட்டில் முறுகுகிற சத்தம். செயின் உரசுகிற சத்தம் கேட்கவில்லை. அந்தச் செயின் கர்கர்ரென்று உரசும், எண்ணெய் விடவேண்டும் என்று இரண்டு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நல்லவேளை விடவில்லை, அந்தச் சத்தம் கேட்டால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

ஓடக்கூடிய கால் இந்த வளாகத்தில் ஒரு ஜோடிதான். அது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலியின்மேல் நீட்டிக் கிடக்கிறது. ரங்கராசு. ரிங்ஃபிரேம் ரங்கராசு, இப்போது வாட்ச்மேன் ரங்கராசு. நாற்பத்திரண்டு பெண்கள் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது பின்சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போன பதினோரு கருங்காலிகளில் ஒருவன். அதற்குக் கூலியாக, மில்லை மூடியபோது அவனுக்கு இந்த நாற்காலி கிடைத்தது, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஒன்பது வருஷமாக அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஒரு மாசமும், பிள்ளைக்கு ஓட்டிப் பழக சமதளம் வேறெங்கும் இல்லை என்று இங்கே வந்தபோதும், "கண்ணு, உள்ள போலாமான்னு அந்தாள்கிட்டக் கேளு" என்று பிள்ளையை விட்டுத்தான் கேட்டாள். அவனும், "போகச் சொல்லு சாமி உங்கம்மாவை, மில்லே அவங்களுதுதானே, கொடி நட்டுட்டாப் போச்சு" என்று பிள்ளையிடம்தான் பதில் சொன்னான். அந்தக் குத்தல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது, எதிரி எதிரியாக இருப்பதில் ஒரு சுகம். கூப்பிடு. கூப்பிட மாட்டேன். யாருடைய கால் அது, சுவர் ஏறிக் குதித்த கால். யாருடைய கால் பெடலில் இருக்கிறது? தொண்ணூறு. நூறு வரட்டும், நூறுக்குள் செயின் சத்தம் கேட்டால் கூப்பிடவேண்டியதில்லை. தொண்ணூற்றொன்று. அடிப்பாவி, என்ன பேரம் பேசுகிறாய், எவனோடு பேரம் பேசுகிறாய்?

"ரங்கராசு!"

பேர் வாயிலிருந்து வந்தபோது அது துருப்பிடித்த தாழ்ப்பாள்போல வந்தது. நாற்காலி அசையவில்லை. "ரங்கராசு! ஏ ரங்கராசு!" இருபத்தைந்து வருஷம் நூல் நூற்கிற ரிங்ஃபிரேம் இரைச்சலில் நின்றவன், மெஷின் அவன் காதைத் தின்றுவிட்டது, மில்லில் பாதிப் பேருக்கு அப்படித்தான், காதுக்கு அடைப்பான் கொடு என்று மூன்றாவது கோரிக்கையாக நோட்டீசில் எழுதியவளே அவள்தான். ஒன்பது வருஷம் பேசாதவள் இப்போது தொண்டை கிழியக் கத்துகிறாள், கேட்கவேண்டியவனுக்குக் கேட்கவில்லை. காலடியில் ஒரு ஜல்லிக்கல் கிடந்தது. குனிய முட்டி விடவில்லை, பக்கவாட்டில் சரிந்து எடுத்து, பழைய தோள் பழைய வீச்சை மறக்காமல், கேட்டின் தகரத்தின்மேல் விட்டாள். டணாரென்று அது எழுப்பிய சத்தத்தில் ரங்கராசு நாற்காலியோடு துள்ளி எழுந்தான்.

"ஏ மயிலு! ஒம்போது வருசங்கழிச்சும் இந்தக் கேட்டு மேல கல்லெறியற புத்தி போகலையா உனக்கு?"

"புள்ளை! புள்ளை பொறகால போயிருச்சு! தொட்டிப் பக்கம்!"

"என்னது? மாத்திச் சொல்லு!"

"தொட்டி! தாரகை! கால் கட்டிக் கெடக்குது, அவுக்க முடியாது! ஓடு ரங்கராசு, உன்ற காலைத் தொட்டுக் கும்பிடறேன், ஓடு!"

"காலையெல்லாம் ஒண்ணும் தொட வேண்டாம், எந்தப் பக்கம்னு கையைக் காட்டு!"

கையைக் காட்டினாள். அவன் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று எடைமேடையில் விழுந்தது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை, காக்கிச் சட்டை பறக்க மூலையில் திரும்பி மறைந்தான். இப்போது இரண்டு பேர் பின்னால் இருக்கிறார்கள், இவள் மட்டும் இங்கே. அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டை அறுந்து கம்பி வைத்துத் தைத்த செருப்பு. எண்ணிக்கை போய்விட்டது, எண்ண வேண்டியதுமில்லை, இனி வருவது சத்தம்தான், அவன் கத்துவான், எப்படிக் கத்துவான், அய்யோ என்று கத்துவானா, மயிலு என்று கத்துவானா? ஏதாவது கத்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் ஆள் குதிக்கிற சத்தம் எப்படி இருக்கும்? இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமா, நடுவில் குடோன், குடோனில் பஞ்சு இல்லாவிட்டாலும் சுவர் இரண்டடி. விழும்போது பிள்ளை அம்மா என்று கூப்பிட்டிருந்தால்கூடக் கேட்டிருக்காது. கூப்பிட்டிருப்பாள். புடிச்சிருக்கியாம்மா என்று இன்னொரு தரமும் கேட்டிருப்பாள், பதில் வராமல் திரும்பிப் பார்த்திருப்பாள், திரும்பினால் ஹாண்டில் திரும்பும், ஹாண்டில் திரும்பினால். நிறுத்து. வேறு எதையாவது நினை. சிவப்புப் பெயிண்ட். பெயிண்ட் காயுமுன்னே தொட்டுவிட்டு விரலை அவள் மூக்கில் தடவினாளே. நிறுத்து. அதையும் நினைக்காதே, செத்தவர்களைத்தான் அப்படி நினைப்பார்கள்.

கர்கர்.

முதலில் அது தன் பல் என்று நினைத்தாள். கர்கர், கர், கர்கர். மறு மூலையில் முன்சக்கரம் தெரிந்தது, பிறகு சிவப்பு, பிறகு நீலம். மயிலாத்தாளின் கண் முகத்துக்குப் போகவில்லை, நேரே பெடலுக்குப் போயிற்று. இடது பெடலில் பூட்சு சுற்றிக்கொண்டிருந்தது, மேலே வந்தது, கீழே போனது, வெள்ளை டேப் அதன் வயிற்றில் இறுகிக் கிடந்தது. பூட்சுக்குள் கால் இல்லை. வெறும் பூட்சு, தனியாக, கால் இல்லாமல் மிதித்துக்கொண்டு வந்தது. கால் எங்கே, கால் எங்கே என்று தேடிய கண்ணுக்கு அப்புறம்தான் கிடைத்தது, பெடலுக்கு வெளியே, காற்றில், சாக்ஸ்கூட இல்லாமல், சேறு பூசி, துவண்டு தொங்கிக்கொண்டு வந்தது கால். முழுக்கால். ஐந்து விரலும் இருந்தன.

சரிவு தொடங்குகிற இடத்தில் தாரகை பிரேக்கைப் பிடித்தாள். சோத்தாங்கைப் பக்கம் சாய்ந்தாள். வலது காலை ஊன்றினாள். மயிலாத்தாள் ஹாண்டிலைப் பாய்ந்து பிடித்தபோது பிடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கைப் பக்கந்தான்." முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் ஒரு ரூபாய் அகலத்துக்கு உரிந்து, ரத்தத்தில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது.

"அழுதியா?"

"அங்க யாருமே இல்லையே. யாரு பாக்கறதுக்கு அழுவறது?" கொஞ்சம் யோசித்தாள். "நீ புடிச்சிருக்கேன்னியே. பொய்தானே?"

"பொய்தான் கண்ணு."

ரங்கராசு ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு, "நான் போறப்ப புள்ளை தொட்டித் திட்டு மேல ஏறி நின்னுக்கிட்டு, அதுமேலிருந்து சைக்கிள்ல காலைப் போடுது," என்றான். "புடிக்கட்டுமா சாமின்னு கேட்டேன். தள்ளி நில்லுங்க, நீங்க கருங்காலியாமா, உங்ககூடப் பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்குதுன்னுச்சு. சரின்னு தள்ளி நின்னுக்கிட்டேன்."

மயிலாத்தாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் செருப்பு கிடந்த இடத்துக்கு நொண்டிப் போய், அதை எடுக்க முடியாமல், காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் அதை மாட்டிக்கொண்டான்.

பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து, கெட்ட முட்டியை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முடிச்சில் கையை வைத்தாள். விழுந்த இழுப்பில் அது கல்லாகியிருந்தது. நகத்தை நுழைத்தாள், நுழையவில்லை. பல்லுக்கு எட்டுமா என்று குனிந்து பார்த்தாள். ஆயிரம் முடிச்சுப் போட்ட விரல்கள், ஒன்றைக்கூட அவிழ்த்துப் பழகாதவை. திட்டில் ஏறியா, அந்தத் தொட்டித் திட்டில், பாதி பெயர்ந்த திட்டில், ஒற்றைக் காலோடு, ஒரு பக்கம் தண்ணீர். நடந்து முடிந்த பிறகும் நடக்காதது கண்முன் நடந்துகொண்டே இருந்தது.

"அது அவுராதும்மா," என்றாள் தாரகை மேலிருந்து. "நானும் இழுத்து இழுத்துப் பாத்தேன். அப்பறம் பெஞ்சுக்கடியில கழட்டுவனே, அந்த மாதிரி பூட்சுப் பட்டியைப் பிரிச்சுக் காலை எடுத்துக்கிட்டேன்."

"கத்தி இருக்குது, அறுத்துப்புடலாமா?" என்று ரங்கராசு இடுப்பைத் தடவினான்.

"வேண்டாம்," என்றாள் தாரகை, அம்மாவிடம். "பூட்சு அங்கயே இருக்கட்டும். பட்டியைப் போடாதே. நான் உள்ள விட்டுக்கறேன், வேணும்ங்கறப்ப எடுத்துக்கறேன்." சேற்றுக் காலைக் கையால் தூக்கி, குதிகால் மாட்டி, விடுபட்டு, மறுபடி மாட்டி, கடைசியில் பூட்சுக்குள் இறக்கினாள். மயிலாத்தாளின் கை இரண்டு தரம் உதவிக்கு எழுந்து இரண்டு தரமும் பாதியில் நின்றது. கால் மணி நேரம் ஆகவில்லை. "இன்னொரு தடவை போறேன்."

"போதும் கண்ணு, வெயில் ஏறிருச்சு."

"ஒரே ஒரு தடவை."

"நான் வேண்ணா தொட்டிகிட்டப் போய் நிக்கறேன்," என்றான் ரங்கராசு. "புடிக்கமாட்டேன். சும்மா நிக்கறேன்." கேட்டது பிள்ளையிடமா அவளிடமா என்று தெரியாதபடி, நடுவில் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"போய் நில்லு, ரங்கராசு," என்றாள் மயிலாத்தாள். அவன் காதில் விழவில்லை. இன்னும் உரக்க, இன்னொரு தரம் சொன்னாள்.

அவன் மூலை திரும்பியதும் சைக்கிளை எடைமேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். பயம் போகவில்லை, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று இப்போது தெரியும், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் இன்னும் தெரியாது. வலது பெடல் மேலே வந்தது. கர்கர். முதல் ஐந்தடி கூடவே நொண்டினாள்.

"புடிச்சிருக்கியாம்மா?"

"இப்பப் புடிச்சிருக்கேன்," என்றாள். இன்னும் இரண்டடி. "இப்ப விடப் போறேன்."

"விடு."

கை நழுவவில்லை. ஒவ்வொரு விரலாக அவளே எடுத்தாள். நீலச்சட்டை மூலைவரைக்கும் சிறுத்துக்கொண்டே போய், அகலமாக வளைந்து, மறைந்தது. மயிலாத்தாள் இரண்டு மூலைக்கும் நடுவில் நின்றுகொண்டு, மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு.